ஐம்பத்து நாலு கிலோ சீனி

கண்ணைத் திறந்தபோது சொக்கநாதன் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான்.

துலாபாரத் தராசின் ஒரு தட்டில் அவன். எதிர்த் தட்டில் ஒரு கிலோ பொட்டலங்களாகச் சீனி. சீனித் தட்டு தரையில் சொகுசாக உட்கார்ந்திருக்க, அவன் தட்டு மட்டும் மேலே போய், பசாரில் காலைக் கட்டித் தூக்கிய கோழியைப் போல அவனை ஆட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு அம்மனை நினைச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் திறக்காதே" என்பது அவன் தாயார் முத்தம்மை ஆச்சியின் கட்டளை. அதன்படியே மூடியிருந்தான். நாதஸ்வரம் காதைப் பிளந்தது. முதலில் தட்டு மெதுவாக எழும்பிப் பல்லக்குப் போல ஆடி, அமைதியாக நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்தான். கொஞ்ச நேரம் கழித்து ஓர் உதறல். விருட்டென்று மேலே போய்விட்டான்.

"ஆத்தா, இறக்கச் சொல்லுங்க."

"சும்மா இருடா. சாமி தட்டு தாழ்ந்திருந்தாத்தான் மனசுக்கு நிறைவு."

கூட்டத்தில் யாரோ படம் எடுத்தார்கள். தூண் ஓரமாக, சீனி அடுக்கும் தனலெட்சுமி அக்காவின் பக்கத்தில், சுபாஷினி நின்றிருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் தட்டிக்கொண்டிருந்தாள். கைதட்டுகிறாளா, எதையாவது உதறுகிறாளா என்பது மேலிருந்து பார்த்தவனுக்குத் தெரியவில்லை. யாருக்கு முன்னால் தொங்கக்கூடாது என்று அவன் நினைப்பானோ, அவளுக்கு முன்னால் தொங்குகிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"டத்தோ கிராமாட் வட்டாரத்துச் சொக்கநாதன், டெங்கிக் காய்ச்சல் குணமானதற்காக, எடைக்கு எடை சீனி. ஐம்பத்து நாலு கிலோ."

கோயில் ஒலிபெருக்கி எதிர்த் தெரு மீ கடை வரைக்கும் கேட்கும். கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் எடையை ஊருக்கே சொல்லணுமா ஆத்தா?"

"சாமிக்குக் குடுக்கறதைத் திருட்டுத்தனமாவா குடுப்பாங்க? இன்னொண்ணு கேட்டுக்க. சாமிக்கு நிறுத்த உடம்பை ஒரு மண்டலத்துக்குத் திருப்பி நிறுக்கக்கூடாது. வீட்டுல இருக்கிற மிஷினை எடுத்து உள்ளே வச்சுட்டேன்."

இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளைக்கு ஐம்பத்து நாலு கிலோ என்பது பெருமையான எடை இல்லை. ஆனாலும் அது சின்ன அவமானம்தான், இரண்டு நாளில் மறந்துபோகும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். அன்று மாலையே மன்றத்து ஹாரிஸ் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, மீ கடையில இருந்தேன். மைக்குல கேட்டேன். ஐம்பத்து நாலுதானே? கூடக் குறைய இல்லியே?"

"ஏன் அண்ணே கேக்கிறீங்க?"

"நாளைக்கு மன்றத்துக்கு வாலா. வந்து பேசிக்கலாம்."

சொக்கநாதன் அப்போதுதான் கட்டிலில் உட்கார்ந்தான். போன வாரம் மன்றத்தில் தான் பேசியது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகத்துக்கு வந்தது.

டத்தோ கிராமாட் நற்பணி மன்றத்துக்கு அவன்தான் செயலாளர். வட்டாரத்துப் பாலர் பள்ளியின் கூரை மழைக்கு ஒழுகியது. அதற்குப் பணம் திரட்டக் குத்துச்சண்டைக் காட்சி ஒன்று நடத்துவதாக முடிவு. சாம்பியன் கைவசம் இருந்தாள். பாயான் பாரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் சுபாஷினி. ஐம்பத்து நாலு கிலோப் பிரிவில் மூன்று வருடமாக மாநிலத்தில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் அவளை எதிர்க்கத்தான் ஆள் இல்லை. பட்டர்வொர்த்தில் அறுபத்து மூன்று கிலோவில் ஒரு பெண் இருக்கிறாள், அவளைக் கொண்டு வரலாம் என்றார் பயிற்சியாளர் ஹாரிஸ்.

"சாம்பியன்னா யார் வந்தாலும் நிக்கணும்லா. சின்ன ஆளு பெரிய ஆளைச் சாய்ச்சாத்தான் டிக்கெட் விக்கும்."

கூட்டக் குறிப்பு எழுதுவதைத் தவிர மன்றத்தில் வேறெதற்கும் வாய் திறக்காத சொக்கநாதன், அன்றைக்கு எழுந்து நின்றான்.

"ஜெயிச்சா, அந்தப் பொண்ணு மந்தம்னு சொல்லுவாங்க. தோத்தா, இவங்க அவ்வளவுதான்னு சொல்லுவாங்க. யாரு நல்லா அடிச்சாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது. யாரு கனம்னுதான் தெரியும். அதுக்கு ரிங் எதுக்கு அண்ணே, தராசு போதுமே? தனக்குச் சமமான ஆள் முன்னாடி நின்னு ஜெயிக்கிறவங்கதான் சாம்பியன்."

பேசி முடித்து உட்கார்ந்தான். தலைவர் நல்லமுத்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் கையுறைப் பையோடு நின்றிருந்த சுபாஷினி முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

முதல் முறை என்பது அவள் பார்த்ததற்குத்தான். அவன் ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மன்றத்தின் கீழ்த்தளத்தில் குத்துச்சண்டைப் பயிற்சி, மாடியில் அவன் சீனமொழி படிக்கும் மாலை வகுப்பு. செவ்வாய்தோறும் படி ஏறுவதற்கு முன், ஷூ கயிறு கட்டுவது போல் குனிந்து, பயிற்சிக் கூடத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பான். அவன் போடுவது கயிறில்லாத ஷூ.

"சாம்பியனின் எதிராளி ஐம்பத்து இரண்டு கிலோவுக்கு மேல், ஐம்பத்து நாலு கிலோவுக்குள் இருக்க வேண்டும்" என்று தீர்மானத்தை அவனே எழுதினான். மூன்று தடவை படித்துப் பார்த்தான். குறை எதுவும் தெரியவில்லை.

குறை, போன் வந்த மறுநாள் மன்றத்தில் தெரிந்தது.

"தீவு முழுக்கத் தேடியாச்சு," என்றார் ஹாரிஸ். "செபராங் ஜெயா வரைக்கும் கேட்டாச்சு. ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. இன்னொண்ணு சுபா பேரைச் சொன்னதும் போனை வச்சிருச்சு. கடைசியில கோயில் மைக்குலதான் ஆள் கிடைச்சுது."

"நான் ஆம்பளை அண்ணே."

"தீர்மானத்துல எடை மட்டும்தான் தம்பி இருக்கு," என்றார் நல்லமுத்து. "நீங்க எழுதினதுதான்."

"நான் பாக்சர் இல்லையே."

"அதையும் நீங்க எழுதலை."

"சும்மா காட்சிதான் தம்பி," என்றார் ஹாரிஸ். "ஒரு ரவுண்டு ஒரே நிமிஷம், மூணு ரவுண்டு. தலைக்குக் கவசம், பெரிய கையுறை. சுபா உன்னைத் தடவித்தான் குடுக்கும்."

வாசலிலிருந்து சுபாஷினியின் குரல் வந்தது. "எனக்கு ஆட்சேபணை இல்லைங்க தலைவரே. செக்ரெட்டரிக்குப் பயமா இருந்தா வேணாம்."

அவள் வைத்த பெயர் அது. அன்றிலிருந்து 'செக்ரெட்டரி'தான்.

அடி வாங்குவது பற்றி அவனுக்குப் பெரிய கவலை இல்லை. டெங்கியையே தாங்கியவன். கவலையெல்லாம் வேறு. மேடையில் தான் ஓடுவான் என்பது அவனுக்கு நிச்சயம். ஊரே பார்க்க அவள் துரத்த, தான் ஓடினால், அப்புறம் எந்தச் செவ்வாய்க்கிழமை அந்தப் படியில் குனிவது? வர மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. சொன்னால் அந்தப் பேச்செல்லாம் வெறும் பேச்சென்று ஆகிவிடும். விதிப்படியே தப்பிக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எழுந்து நின்றான்.

"நான் நல்லா யோசிச்சுப் பார்த்தேன். ஹாரிஸ் அண்ணன் சொன்னதுதான் சரி. சாம்பியன்னா யாரையும் எதிர்க்கணும். பட்டர்வொர்த் பொண்ணையே கூப்பிடுவோம்."

நல்லமுத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். டயர் கடை முதலாளி. சுலபத்தில் கலங்குபவர், கலங்கியதைச் சுலபத்தில் விடாதவர்.

"தம்பி, அன்னைக்கு நீங்க பேசினப்ப நான் அழுதேன். அழுதுட்டு வீட்டுல போய்ச் சொன்னேன். என் சம்சாரம் அழுதுச்சு. இப்ப மாத்திச் சொல்றீங்க. அந்தக் கண்ணீரையெல்லாம் நான் என்ன பண்றது?"

தீர்மானம் மாறவில்லை. செயலாளர் தன்னடக்கத்தால் ஒதுங்குகிறார் என்று கருதி, சுவரொட்டியை உடனே அடிக்கச் சொன்னார் தலைவர். மூன்றாம் நாள் வட்டாரமெங்கும் ஒட்டினார்கள். ஒரு பக்கம் கையுறையோடு சுபாஷினி. மறுபக்கம் தராசில் தொங்கும் சொக்கநாதன். முத்தம்மை ஆச்சி ஒன்றை வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார்.

செவ்வாய்க்கிழமை படியருகில் சுபாஷினி வழிமறித்தாள்.

"கொள்கையை மாத்திட்டீங்களாமே செக்ரெட்டரி?"

"இல்ல... ஒரு கோணத்துல பார்த்தா..."

"எனக்கு முதல் கோணம்தான் பிடிச்சிருந்துச்சு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சீனமொழி வகுப்பில் 'என் பெயர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவன் 'என் எடை' என்று சொன்னான்.

அன்று ராத்திரிதான் அந்த எளிய வழி தோன்றியது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டான். பிரிவின் மேல் எல்லை ஐம்பத்து நாலு. அவன் எடையும் ஐம்பத்து நாலு. ஒரே ஒரு பிடி சோறு அதிகமாகச் சாப்பிட்டால் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவான். போட்டிக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. சொக்கநாதன் எதையும் அரைகுறையாகச் செய்பவன் அல்லன். ஒரு பிடியோடு நிறுத்தாமல் நாலு கிலோ ஏறுவது என்று முடிவெடுத்தான்.

காலையில் பசியாறும்போது மூன்று ரொட்டிச் சானாய். மத்தியானம் நாசி கண்டார் சோறு, குழம்பு வெள்ளமாக ஊற்றி. சாயங்காலம் வடை. ராத்திரிக்கு ஆத்தாவின் சமையல்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க ஆத்தா."

முத்தம்மை ஆச்சி கரண்டியோடு நின்று அவனைப் பார்த்தார். மகன் பிறந்து இந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை. "சீனிக்கு இவ்வளவு சக்தியா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் வாரம், நாசி கண்டார் கடையில் இலையும் அவனுமாக இருந்தபோது எதிர் நாற்காலியை யாரோ இழுத்தார்கள். சுபாஷினி. சர்க்கரை போடாத தேநீரும் ஒரு முட்டையும் வாங்கி வந்திருந்தாள்.

"நல்லா சாப்பிடுறீங்களே."

"சும்மா, பசி."

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. இன்னும் வேணும் உங்களுக்கு," என்று தன் முட்டையை எடுத்து அவன் இலையில் வைத்தாள். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டாள். "பாய், இவருக்கு ஒரு கோழிக்கால் போடுங்க."

எதிராளியே கோழிக்கால் வாங்கித் தந்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. கொழுக்கவைத்து அடிக்கும் வழக்கம் குத்துச்சண்டையில் உண்டா என்று ஹாரிஸிடம் கேட்டான்.

"நான் கேள்விப்பட்டதில்லை. நீ கையை மேல தூக்கு. மூஞ்சியை மூடு. மூஞ்சியை மூடச் சொன்னா கண்ணை ஏன்லா மூடுறே?"

மத்தியானங்களில் அவள் அடிக்கடி வந்தாள். ஒரு நாள் மீன் வறுவல் கொண்டு வந்தாள், ஒரு நாள் அவள் அம்மா செய்த பருப்பு உருண்டைக் குழம்பு. பேசினாள். முதல் போட்டியில் பயத்தில் நடுவரையே குத்திவிட்ட கதையைச் சொன்னாள். அவன் சீனமொழியில் தெரிந்த நாலு வாக்கியத்தையும் சொல்லிக் காட்டினான். நாலாவது வாக்கியம் 'கழிப்பறை எங்கே இருக்கிறது.' அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பி உண்மையாகவே வழி காட்டினார்.

எதற்குச் சாப்பிட ஆரம்பித்தோம் என்பதே சில நாள் அவனுக்கு மறந்துபோயிற்று.

கடைசி வாரம் அது ஞாபகப்படுத்தப்பட்டது. நாலாவது ரொட்டியை அவன் பிய்க்கப் போனபோது, சுபாஷினி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தலை முதல் இடுப்பு வரை அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"போதும். இதுக்கு மேல வேணாம்."

தன் திட்டம் பிடிபட்டுவிட்டது என்று அவனுக்குத் திக்கென்றது. ஆனால் உள்ளுக்குள் ஒரு தைரியமும் இருந்தது. எடைபார்க்கும் மிஷினை ஆத்தா ஒளித்து வைத்திருந்தாலும், இடுப்பு வாரை ஒளிக்க முடியாதல்லவா. இரண்டு ஓட்டை தள்ளி மாட்டுகிறான். எப்படிப் பார்த்தாலும் ஐம்பத்தெட்டு இருப்பான். இனிமேல் அவள் பிடுங்கினால் என்ன, பிடுங்காவிட்டால் என்ன.

போட்டி நாள் காலை, மன்றத்தில் எடைபார்ப்பு. மண்டலக் கணக்கு முடியாததால் ஆச்சி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று எல்லோரும் பயந்தார்கள். சுபாஷினி போய் ஒரு வார்த்தை கேட்டாள். ஆச்சி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

சொக்கநாதனின் நடையே மாறியிருந்தது. வருகிற வழியில் அரை லிட்டர் தண்ணீர் வேறு குடித்திருந்தான். ஐம்பத்தெட்டு கிலோக்காரன் பேசுகிற தோரணையில் கூட்டத்தைப் பார்த்துப் பேசினான்.

"பெரியோர்களே, விதின்னா விதிதான். ஐம்பத்து நாலுக்கு மேல ஒரு கிராம் இருந்தாலும் நான் விலகிக்கிறேன். எனக்கும் வருத்தம்தான். ஆனா அதுக்குள்ள இருந்துட்டா, மூணு ரவுண்டும் ஓடாம நிப்பேன். இது என் தாயார் மேல சத்தியம்."

நல்லமுத்துவின் கை கைக்குட்டையைத் தேடியது.

சொக்கநாதன் மிஷினில் ஏறினான். முள் ஆடியது. யோசித்தது. நின்றது.

"ஐம்பத்து மூணு புள்ளி ஒன்பது," என்று படித்தார் ஹாரிஸ்.

கைதட்டல் கூரையைத் தொட்டது. சொக்கநாதன் இறங்கி, மறுபடி ஏறினான். ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்பது. மிஷின் கெட்டுப்போயிருக்கும் என்றான். சுபாஷினி ஏறினாள். அவளுக்கும் கிட்டத்தட்ட அதே எடைதான். நல்லமுத்து ஏறினார். அவர் எடையை அவர் வெளியே சொல்ல விரும்பவில்லை, ஆனால் சரியாகத்தான் காட்டுகிறது என்று ஒத்துக்கொண்டார்.

"ஆத்தா, நாலு வாரம் மாடு மாதிரி தின்னேனே, எல்லாம் எங்கே போச்சு?"

"அம்மன் நிறுத்த நிறுவைடா. கூடுமா, குறையுமா?" என்றார் ஆச்சி பெருமையாக. "சத்தியம் பண்ணியிருக்கே. ஓடாதே."

மாலையில் மண்டபம் நிரம்பி, வாசலிலும் ஆள் நின்றது. மணி அடித்தது. சொக்கநாதன் ஓடவில்லை. ஓடாமலிருக்க இடது காலால் வலது காலை மிதித்துக்கொண்டு நின்றான். சுபாஷினி வந்து கவசத்தில் இரண்டு தட்டு தட்டினாள். கதவைத் தட்டுகிற மாதிரிதான் இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கையை வீசினான். அது எதிலோ பட்டது. கண்ணைத் திறந்து, அவள் தோள் என்று தெரிந்ததும், "சாரிங்க" என்றான்.

"ரிங்குல சாரி சொல்லக்கூடாதுலா!" என்று மூலையிலிருந்து ஹாரிஸ் கத்தினார். மண்டபமே சிரித்தது.

இரண்டாம் சுற்றில் அவன் சரிந்து அவள்மேல் சாய, அவள் பிடித்து நிறுத்தினாள். காதருகே மூச்சு வாங்கக் கேட்டாள். "மீட்டிங்ல பேசின ஆள் வந்திருக்காரா?"

"வந்திருக்கார். கொஞ்சம் தலை சுத்துது அவருக்கு."

"அப்ப நில்லுங்க. விழுந்தா என் பக்கமா விழுங்க."

மூன்றாம் சுற்றில் அவன் உண்மையாகவே நின்றான். கண்ணைத் திறந்துகொண்டே நின்றான். நாலு அடி அடித்தான், மூன்று காற்றில் போயிற்று. நாலாவது அவள் கையுறையில் பட்டுப் 'பட்'டென்று சத்தம் வந்தபோது, சாம்பியன் பட்டம் தனக்கே கிடைத்ததுபோல் இரண்டு கையையும் தூக்கினான். அந்தச் சமயம் பார்த்து அவள் நெற்றியில் ஒரு தட்டுத் தட்ட, பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே சிரித்தான். அவளும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹாரிஸ் இருவர் கையையும் சேர்த்துத் தூக்கினார். சமம்.

பாலர் பள்ளிக்குக் கூரை வந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொல்ல ஆரம்பித்த நல்லமுத்து, பாதியில் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேடைக்குப் பின்னால் சொக்கநாதன் நெற்றியில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தான். கோயிலில் சீனி அடுக்கும் தனலெட்சுமி அக்கா, ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். கொஞ்ச தூரத்தில் சுபாஷினி கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டு, முத்தம்மை ஆச்சியிடம் எதையோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா நின்னே தம்பி. எல்லாம் உன் சீனிதான், சாப்பிடு."

"ஒண்ணு மட்டும் புரியலைக்கா," என்றான் அவன். "அன்னைக்கும் ஐம்பத்து நாலு. நாலு வாரம் தின்னுட்டு வந்து ஏறினாலும் ஐம்பத்து நாலு. அது எப்படி?"

தனலெட்சுமி அக்கா கரண்டியைத் தூக்குக்குள் போட்டுவிட்டு அவனை வேடிக்கையாகப் பார்த்தார்.

"அன்னைக்கு அம்பது பாக்கெட்டுலயே தராசு நேரா நின்னுருச்சே தம்பி. அந்தப் பொண்ணுதான் ஓடி வந்து நாலு பாக்கெட்டைத் தூக்கி மேல வச்சுட்டு, 'மைக்குல அம்பத்து நாலுன்னு சொல்லச் சொல்லுங்கக்கா, என் எடையில எனக்கு இவருதான் வேணும்'னுச்சு."